ஊதுமுன் பாலான சுண்ணாம்பு நீர்

நான் தமிழ் படிப்பிக்கிற வாத்தி. விஞ்ஞானம் சாதாரண தரப் பரீட்சையில் என்னை மட்டுமட்டாகத் தப்பவிட்டது. அதற்குப் பிறகு நானும் அதன் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அப்படிப்பட்ட நான், தாக்கி என்றால் என்ன, விளைவு என்றால் என்ன என்பதை நாற்பத்தெட்டாவது வயதில், பத்தாம் வகுப்பின் கடைசி வாங்கில் இருந்துகொண்டு, முதுகால் வியர்வை ஓட ஓட விளங்கிக்கொண்டேன். எங்கள் ஆசிரியர் அறையில் இந்தக் கதையை எடுத்தால் இன்றைக்கும் சிரிப்புத்தான். சிரிக்கட்டும். அன்றைக்கு நான் பட்ட பாட்டை அவர்களில் ஒருவரும் படவில்லை.

எங்கள் பாடசாலை நெடுந்தீவில் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து யாரையாவது இங்கே மாற்றினால், அவர் வந்து பாயை விரிக்க முன்னமே திரும்பிப் போகிற கடிதத்தை எழுதத் தொடங்கிவிடுவார். பாவம், அவர்களையும் குறை சொல்ல ஏலாது. குறிகட்டுவானிலிருந்து ஒரு மணித்தியாலக் கடல். காற்றுக் காலத்தில் அந்த ஒரு மணித்தியாலம் ஒரு நாள் மாதிரி நீளும். ஆகவே விஞ்ஞானத்துக்கென்று நிரந்தர ஆசிரியர் எங்களுக்கு நெடுங்காலமாக இல்லை. இருந்தது ஒரு தொண்டர் ஆசிரியைதான். இந்த ஊர்ப் பிள்ளை. உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்து, பல்கலைக்கழகத்துக்கு மயிரிழையில் தவறி, ஏழு வருடமாக நியமனம் இல்லாமல் எங்களோடு கிடந்து மாரடிக்கிறவர். பிள்ளைகளுக்கு அவர் ரீச்சர். எனக்கும் ரீச்சர்தான். அவர் என்னை அண்ணை என்பார்.

அந்த வருடம் தொண்டர்களை நிரந்தரமாக்குகிற கதை வந்தது. நேர்முகம் முடிந்துவிட்டது. மிச்சம் இருந்தது ஒன்றுதான். ஓர் அதிகாரி பாடசாலைக்கு வந்து, வகுப்பில் இருந்து ஒரு பாடத்தைப் பார்த்து, சிபாரிசு எழுதவேண்டும். அவர் எழுதினால் உண்டு, எழுதாவிட்டால் இல்லை. அடுத்த வருடம் ரீச்சருக்கு வயதெல்லை கடந்துவிடும். ஏழு வருடம் அந்த ஒரு நாளில் தொங்கிக்கொண்டிருந்தது.

ரீச்சர் எடுத்த பாடம் தாக்கிகளும் விளைவுகளும். என்னிடம் விளங்கப்படுத்தினார்.

“இரசாயனத் தாக்கத்துக்கு உள்ளை போறது தாக்கி, அண்ணை. அது முடிய வெளியிலை வாறது விளைவு. இடப்பக்கம் தாக்கி, நடுவிலை அம்புக்குறி, வலப்பக்கம் விளைவு.”

“சரி. சுண்ணாம்பு எங்கை வருது இதுக்குள்ளை?”

“சுண்ணாம்புத் தண்ணியை வடிச்செடுத்தா கண்ணாடி மாதிரித் தெளிவா இருக்கும். அதுக்குள்ளை குழல் வைச்சு ஊதினா எங்கட மூச்சிலை இருக்கிற காபனீரொட்சைட்டு அதோடை தாக்கி, தண்ணி பால் மாதிரி வெளுக்கும். பிள்ளையளுக்குக் கண்ணாலை காட்டலாம்.”

எனக்கும் பிடித்துப்போயிற்று. பிரச்சினை என்னவென்றால், புத்தகத்தில் காய்ச்சி வடித்த நீர் பாவிக்கச் சொல்லியிருந்தது. தீவில் அதற்கு எங்கே போவது? அந்தச் சனிக்கிழமை நான் யாழ்ப்பாணம் போக இருந்தேன். வாகன பற்றறிக்கு விடுகிற தண்ணீர் அதுதான், மோட்டார்ச் சாமான் கடையில் நாலு போத்தல் வாங்கிக்கொண்டு வாருங்கள் என்றார் ரீச்சர்.

“நாலும் வேணும் அண்ணை. அஞ்சு குழுவுக்கும் காணவேணும். மறந்துபோடாதையுங்கோ.”

“என்ன கதை இது! நான் மறக்கிற ஆளே?”

மறக்கவில்லை. வாங்கினேன். நாலு போத்தலையும் பையில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டுதான் படகில் இருந்தேன். ஆனால் அது சோளகக் காற்று அடிக்கிற ஆடி மாதம். குறிகட்டுவானை விட்டு வெளிக்கிட்ட கொஞ்ச நேரத்திலேயே படகு எழும்பி எழும்பிக் குத்தத் தொடங்கியது. எனக்கு முன்னால் கொழும்பிலிருந்து வந்த ஒரு குடும்பம். தாய் முதலில் ஓங்காளித்துச் சத்தி எடுக்கத் தொடங்கினார், பிறகு மகள், பிறகு தகப்பன். வாங்கு, சட்டை, செருப்பு எல்லாம் நாசம். “ஆரிட்டையும் தண்ணி இருக்கோ?” என்று படகுக்காரர் கத்தினார்.

படகில் ஒருவர் தண்ணீர் கேட்டால், வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்லுகிற பழக்கம் எங்களிடம் கிடையாது. கடலில் அது பெரிய குற்றம். மடியில் நாலு போத்தலை வைத்துக்கொண்டு நான் எந்த முகத்தோடு சும்மா இருக்கிறது? ஒரு போத்தல் தாயின் முகத்துக்குப் போயிற்று. ஒன்று மகளுக்கு. மூன்றாவது வாங்கு கழுவப் போயிற்று. தகப்பன் நாலாவதையும் பார்த்தார். நான் அதை உடுத்திருந்த சாரத்துக்குள் ஒளித்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

இறங்குதுறைக்கு வந்து நின்று யோசித்தேன். நாலு கேட்ட இடத்தில் ஒன்று இருக்கிறது. திங்கட்கிழமை சுண்ணாம்பு கரைக்க வேண்டும், செவ்வாய்க்கிழமை அதிகாரி வருகிறார். உண்மையைச் சொல்லியிருந்தால் ரீச்சர் அடுத்த படகில் வேறு யாரிடமாவது சொல்லி எடுத்திருப்பார். அதுதான் மனிதன் செய்கிற வேலை. நான் என்ன செய்தேன்? வெறும் போத்தல்கள் மூன்றையும் வீட்டுக்குக் கொண்டுபோய், எங்கள் கிணற்றில் அள்ளி நிரப்பினேன்.

இதில் ஒரு விசயம் சொல்ல வேண்டும். நெடுந்தீவில் நல்ல தண்ணீர்க் கிணறு வைத்திருக்கிறவனின் நடையே வேறு. பெரும்பாலான கிணறுகள் உவர். வாயில் வைக்க ஏலாது. எங்கள் வளவுக் கிணற்றுத் தண்ணீரை ஊரே பிளாஸ்டிக் கான்களோடு வந்து அள்ளிக்கொண்டு போகும். அந்தத் தண்ணீரில் ஊற்றிய தேத்தண்ணியைக் குடித்துவிட்டு யாராவது ஒன்றும் சொல்லாமல் எழும்பினால், எனக்கு அன்று முழுக்கக் கோபம். அப்படிப்பட்ட தண்ணீரை விட, மோட்டார்ச் சாமான் கடையில் தூசி பிடித்துக் கிடந்த தண்ணீர் சுத்தமோ? எனக்கு அது நம்பக்கூடியதாகவே இல்லை. வெள்ளைத் துணியில் வடித்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தீர்த்தம் மாதிரி இருந்தது. மூடியை இறுக்கி, உண்மையான போத்தலை மேலே வைத்து, நாலையும் ரீச்சரிடம் கொடுத்தேன்.

“பெரிய உபகாரம் அண்ணை,” என்றார் அவர்.

“இதெல்லாம் ஒரு வேலையே,” என்றேன் நான். நாக்கு அழுகாமல் இருந்ததே பெரிய காரியம்.

திங்கட்கிழமை ரீச்சர் மேலே இருந்த போத்தலில் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து வைத்தார். செவ்வாய் காலையில் அது அடியில் படிந்து, மேலே தண்ணீர் தெளிந்திருந்தது. அதை வடித்து எடுத்தால் ஒரு போத்தல் சுண்ணாம்பு நீர். ஐந்து குழுவுக்கு அது காணாது. மிச்சத் தண்ணீரைப் பாதிக்குப் பாதி விட்டுக் கூட்டலாம் என்பது அவருடைய திட்டம். ஒரு துளியில் ஊதிப் பார்த்தார், வெளுத்தது. முகம் மலர்ந்துவிட்டது. அதைப் பார்த்து எனக்கும் பெருமை.

அதிகாரி பத்து மணிப் படகில் வந்தார். மனிதர் மஞ்சளாக இருந்தார். சோளகம் அவரையும் விட்டுவைக்கவில்லை. அதிபர் என்னைக் கூப்பிட்டு, “நீர் அவரோடை இரும், ஏதும் தேவையெண்டாப் பாரும்” என்றார். அதனால்தான் நான் பத்தாம் வகுப்பின் கடைசி வாங்கில், அதிகாரிக்குப் பக்கத்தில் போய் மாட்டிக்கொண்டேன். அவர் மடியில் ஒரு படிவத்தை விரித்தார். மேலே ரீச்சரின் பெயர். கீழே முழுக்கக் கட்டங்கள்.

ரீச்சர் நன்றாகத் தொடங்கினார். கரும்பலகையை நடுவால் பிரித்து, இடப்பக்கம் ‘தாக்கிகள்’ என்று எழுதி, அதன் கீழ் சுண்ணாம்பு நீர், காபனீரொட்சைட்டு என்று போட்டார். ஓர் அம்புக்குறி. வலப்பக்கம் ‘விளைவுகள்’. அதன் கீழ் வெறுமை. “இந்த இடத்தை நீங்கள்தான் நிரப்பப்போறியள்” என்றார். பிள்ளைகளின் கைகளில் காய்ந்த பப்பாசிக் குழல்கள் ஆயத்தமாக இருந்தன. ஐந்து கிளாஸ்களிலும் பாதிக்குச் சுண்ணாம்பு நீர் விட்டார். பிறகு, நான் கொடுத்த மற்றப் போத்தல்களில் ஒன்றைத் திறந்து, ஒவ்வொன்றாக மிச்சப் பாதிக்குத் தண்ணீர் ஊற்றத் தொடங்கினார்.

முதல் கிளாஸ் வெளுத்தது.

ரீச்சருக்கு விளங்கவில்லை. இரண்டாவதில் ஊற்றினார். அதுவும் வெளுத்தது. மூன்றாவதும். குழலை வாயில் வைத்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளை அதை மெல்ல எடுத்தாள்.

“ரீச்சர், நான் இன்னும் ஊதேல்லை!”

வகுப்புக் கொல்லென்று சிரித்தது. “ஆர் ஊதினது?” “பேய் ஊதினது!” என்று ஒரே கூத்து. அதிகாரி அதுவரை கதிரையில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருந்தவர், நிமிர்ந்து உட்கார்ந்து பேனையின் மூடியைக் கழற்றினார். ஏன் வெளுத்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் எதனால் வெளுத்தது என்று அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும். ஐயோ, என் கிணறே!

ரீச்சர் வெண்கட்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். எழும்பி ஓடிப்போய் ஏதாவது சொல்லிவிடலாமா என்று கால் துடித்தது. அவர் போத்தலை எடுத்தார். மணந்து பார்த்தார். ஒரு சொட்டை நாக்கில் விட்டுப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி, பிள்ளைகளுக்கு மேலால் என்னை நேரே பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

என்னை அங்கேயே கிழித்துத் தொங்கவிட்டிருக்கலாம். அவர் திரும்பிக் கரும்பலகைக்குப் போனார். வெறுமையாக விட்டிருந்த வலப்பக்கத்தில் ‘வெள்ளைப் பொடி’ என்று எழுதினார். இடப்பக்கம் எழுதியதற்குப் பக்கத்தில் ஒரு பெரிய கேள்விக்குறி போட்டார்.

“சத்தம் போட்டது காணும். இஞ்சை பாருங்கோ,” என்றார். குரல் நடுங்கித்தான் வந்தது. “விளைவு வந்திட்டுது. தாக்கி இல்லாமல் விளைவு வராது. நாங்கள் ஊதேல்லை. அப்ப நாங்கள் எழுதாத ஒண்டு உள்ளை வந்திருக்கு. அது எது? பேய் எண்டு சொல்லுறவை எழும்பி நிண்டு சொல்லுங்கோ.”

ஒருவரும் எழும்பவில்லை. மெல்ல மெல்லக் கைகள் உயர்ந்தன. கிளாஸ் அழுக்கு என்றது ஒன்று. அறைக்குள் இவ்வளவு பேர் மூச்சு விடுகிறோம், அந்தக் காற்று என்றது இன்னொன்று. சுண்ணாம்பு பழுதாகிவிட்டது என்றான் ஒருவன். தண்ணீரில்தான் ஏதோ இருக்கிறது என்றது ஒரு மூலை. ரீச்சர் எல்லாவற்றையும் கேள்விக்குறிக்குக் கீழே எழுதினார்.

“சரி. எப்பிடிப் பிடிக்கிறது கள்ளனை?”

எனக்கு உடம்பு கூசியது.

நாலாவது, ஐந்தாவது கிளாஸ்களில் இன்னும் தண்ணீர் ஊற்றியிருக்கவில்லை. அதே அறையில், அதே காற்றில், அதே மாதிரிக் கழுவிய கிளாஸில், சுண்ணாம்பு நீர் தனியாகத் தெளிவாக நின்றது. ஆகவே கிளாஸும் இல்லை, காற்றும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. கரும்பலகையில் மூன்று பெயர்களில் கோடு விழுந்தது. போத்தல் தண்ணீரைத் தனியாக ஒரு கிளாஸில் விட்டார். அதுவும் தெளிவு. அதை நாலாவதிலும் ஐந்தாவதிலும் ஊற்றினார். பால். பிள்ளைகள் வாங்கில் ஏறி நின்று பார்த்தார்கள். அதிகாரியும் எழும்பி நின்றதை அப்போதுதான் கவனித்தேன்.

“தண்ணிதான்!” என்று வகுப்பே கத்தியது.

“தண்ணிக்குள்ளை என்ன? இந்த வெள்ளையை வேறை எங்கையும் கண்டிருக்கிறியளோ?”

அதற்குப் பிறகு நடந்ததை நான் மறக்கவே மாட்டேன். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தயங்குகிற பிள்ளைகள்கூட ஆளையாள் முந்திக்கொண்டு சொன்னார்கள். எங்கள் வீட்டுக் கேத்திலுக்குள் இப்படி வெள்ளையாகப் படியும் ரீச்சர். பருப்பு அவியாது என்று அம்மா பேசுவா. சவுக்காரம் போட்டால் நுரைக்காது, தலைமயிர் பிசுபிசு என்று நிற்கும். குழாய் வாயில் கல்லு மாதிரிக் கட்டும். இவ்வளவும் எங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றிய வசவு. நான் ஒவ்வொன்றையும் என் தலையில் வாங்கிக்கொண்டு இருந்தேன்.

“சேர்,” என்று ரீச்சர் என்னைக் கூப்பிட்டார். தேனாக இருந்தது குரல். “ஆசிரியர் அறைக் கேத்திலை ஒருக்கா எடுத்துக்கொண்டு வாறீங்களோ? ஒரு தேசிக்காயும்.”

போய் எடுத்து வந்தேன். அந்தக் கேத்திலில் என் வீட்டுத் தண்ணீர்தான் நாள்தோறும் கொதிக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். நானே பெருமையாகக் கொண்டுவந்து ஊற்றுகிறது. ரீச்சர் உள்ளே படிந்திருந்த வெள்ளையைச் சுரண்டி ஒரு தட்டில் வைத்துத் தேசிக்காய்ப் புளியைப் பிழிந்து விட்டார். சின்னச் சின்னக் குமிழாகப் பொங்கியது. கிளாஸில் அடியில் இறங்கிய வெள்ளையை எடுத்து அதற்கும் விட்டார். அதுவும் பொங்கியது. இரண்டும் ஒரே சாமான்.

பிறகு விளங்கப்படுத்தினார். எனக்கே விளங்கியது என்றால் பாருங்கள். நாங்கள் இருக்கிறது சுண்ணாம்புக் கல்லுக்கு மேலே. மழைத் தண்ணீர் மண்ணுக்குள்ளால் இறங்கும்போது அங்கே இருக்கிற காபனீரொட்சைட்டையும் சேர்த்துக்கொண்டு போய், கல்லைக் கரைத்து, கண்ணுக்குத் தெரியாமல் கிணற்றில் வைத்திருக்கிறது. அது சுண்ணாம்பு நீரைக் கண்டதும் தாக்கி, வெள்ளையாகி விழுந்துவிடுகிறது. எங்கள் மூச்சு செய்ய வேண்டிய அதே வேலை.

ஊதாமல் குழலோடு இருந்த அந்தப் பிள்ளை கையை உயர்த்தினாள். “அப்ப ரீச்சர், நாங்கள் ஊதமுன்னம் நிலம் ஊதிப்போட்டுது!”

ரீச்சர் அன்றைக்கு முதல்தடவையாகச் சிரித்தார். நானும் என் சங்கடத்தை மறந்து, “சபாஷ்!” என்று கத்திவிட்டேன். தமிழ்ப் பாடத்தில் அப்படி ஒரு வசனத்தை அந்தப் பிள்ளை எனக்கு எழுதித் தந்ததே இல்லை.

“ஆனா எல்லாம் வெளுத்துப்போச்சு. இனி எங்களுக்கு ஊத ஒண்டுமில்லையே,” என்றான் முன்வாங்கில் ஒருவன்.

“இல்லையோ? யோசியும். தண்ணிக்குள்ளை இருந்தது முடிஞ்சிருக்கும். சுண்ணாம்பும் முடிஞ்சிருக்குமோ, மிச்சம் நிக்குமோ?”

வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. அரைவாசி முடிந்தது என்றது, அரைவாசி மிச்சம் என்றது. என்னை அறியாமல் நானும் மிச்சம் கட்சியில் கையை உயர்த்தினேன். ரீச்சர் வடிதாளை மடித்துப் புனலில் வைத்து, வெளுத்த தண்ணீரை வடித்தார். முதல்தரம் கலங்கலாக வந்தது. அதையே இரண்டாந்தரம் வடித்தார். சொட்டுச் சொட்டாக, தெளிவாக இறங்கியது. அதை அந்தப் பிள்ளையிடம் நீட்டினார்.

“இப்ப ஊதும்.”

பிள்ளை கன்னம் புடைக்க ஊதினாள். ஒரு மூச்சு. இரண்டு. மூன்று. ஒன்றும் இல்லை. நாலாவது மூச்சில் கிளாஸின் நடுவில் ஒரு புகை மாதிரி எழும்பி, அப்படியே எல்லாம் வெளுத்தது. பிள்ளைகள் போட்ட சத்தத்துக்கு அதிபர் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்.

மணி அடித்தது. பிள்ளைகள் போனார்கள். வகுப்பில் ரீச்சர், அதிகாரி, நான். இரண்டு மணிப் படகுக்கு அதிகம் நேரம் இல்லை.

அதிகாரி படிவத்தைப் பார்த்தார். பிறகு ரீச்சர் கொடுத்த பாடத்திட்டத்தைப் பார்த்தார்.

“நல்லாச் செய்தனீங்கள். ஆனா இந்தத் தண்ணிக் கதை உங்கட திட்டத்திலை இல்லையே. வேணுமெண்டு செய்த வேலையோ, தவறி நடந்ததோ?”

வேண்டுமென்று செய்தது என்று சொன்னால் முடிந்தது. அப்படியே தங்கத் தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரிக் கேள்வி. சொல்லும், சொல்லும் என்று நான் மனத்துக்குள் அவரைத் தள்ளினேன்.

“தவறித்தான் சேர்,” என்றார் ரீச்சர். “காய்ச்சி வடிச்ச தண்ணியெண்டு நினைச்சு ஊத்தினனான். முதலிலை சோதிச்சுப் பாத்திருக்கவேணும். என்ரை பிழை.”

அதிகாரி பேனையை எடுத்தார். ‘முன்னாயத்தம்’ என்ற கட்டத்துக்கு நேரே அது போய் நின்றதைக் கண்டேன். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

“அவவின்ரை பிழை இல்லை! நான் செய்த வேலை!” என்று எழும்பினேன். வாங்கு பின்னால் விழுந்தது. படகு, சத்தி, மூன்று போத்தல், கிணறு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். “எழுதுறதெண்டா என்னைப் பற்றி எழுதுங்கோ. நான் நிரந்தரம். என்னை என்ன செய்தாலும் செய்யுங்கோ. இந்தப் பிள்ளையின்ரை ஏழு வருசத்தை ஒரு போத்தல் தண்ணியாலை அழிச்சுப்போடாதையுங்கோ.”

அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீங்கள் என்ன பாடம்?”

“தமிழ்.”

“ம். அதுதானே பாத்தன்.”

குனிந்து படிவத்தில் எழுதினார். என்ன எழுதினார் என்று காட்டவில்லை. கையெழுத்து வைத்து, படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்து எழும்பினார். இறங்குதுறை வரைக்கும் ஓட்டோவில் கூடப் போனேன். வழி முழுக்க ரீச்சரின் அருமை பெருமைகளை எடுத்துவிட்டேன். கடைசியில் அவர், “ஐயா, நான் எழுதினதை மாத்துறதில்லை. எனக்கு இனிக் கடலும் இருக்கு. கொஞ்சம் பேசாமல் வாங்கோ” என்றார். வாயை மூடிக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது ரீச்சர் கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்க முன்னமே திரும்பினார்.

“ஏழு வருசம் அண்ணை! ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் வேறை ஆரிட்டையும் சொல்லி எடுத்திருப்பனே. பொய் சொல்லி, போத்தலை நிரப்பி, உங்கட கிணத்துப் பெருமைக்கு நானே கிடைச்சனான்? சத்தி எடுக்கிற ஆக்களுக்குத் தண்ணி குடுத்தது புண்ணியம். அதைச் சொல்லுறதுக்கு உங்களுக்கு என்ன வெக்கம்?”

அழுதார். கோபத்தில் அழுதார். நான் நல்லாய் வாங்கிக்கொண்டேன். வாங்க வேண்டியதுதான். மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் பதிவேட்டில் நான் விட்ட பிழையைக் காட்டித் திட்டினார். அதிலிருந்து பழையபடி கதை தொடங்கியது.

ஆனால் கடிதம் வரவில்லை. ஆவணி போனது, புரட்டாதி போனது. தபால் வருகிற நாளில் ரீச்சர் அதிபரின் கந்தோர்ப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு வகுப்புக்குப் போவார். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து, வெறுங்கையோடு என் கதிரையில் இருப்பேன். அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை என்று மனைவி சாட்சி சொல்வாள். பிள்ளைகளோ எதைக் கண்டாலும் தாக்கி எது, விளைவு எது என்று கேட்டுக்கொண்டு திரிந்தார்கள். துருப்பிடித்த சைக்கிளையும் விடவில்லை, பழைய சோற்றையும் விடவில்லை. என் வகுப்பில் ஒருவன், செய்யுளுக்குத் தாக்கி எது சேர் என்று கேட்டான். விசரன் என்று பேசிவிட்டு, வீட்டுக்குப் போய் அதையே யோசித்துக்கொண்டு கிடந்தேன்.

கார்த்திகை மழையில் ஒரு நாள், அதிபர் ஒரு நீளக் கடிதவுறையை ரீச்சரிடம் கொடுத்தார். ஆசிரியர் அறையே எழும்பி நின்றது. ரீச்சர் உறையைக் கிழித்தார். முதல் வரியைப் பார்த்தார். பார்த்தவர் வாசிக்காமல் கடிதத்தை என் கையில் திணித்தார்.

“நீங்கள் வாசியுங்கோ அண்ணை. எனக்கு ஏலாது.”

நான் இருபது வருடமாகச் சபை நடுவே வாசிக்கிறவன். மேடையில் எனக்கு ஒலிவாங்கியே தேவையில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன். ரீச்சரின் முழுப் பெயரையும் வாசித்தேன். ‘ஆசிரியர் சேவைக்கு’ என்று வாசித்தேன். ‘நியமிக்கப்படுகிறீர்’ என்று இருந்தது. அந்தச் சொல் வரவில்லை. திரும்பவும் தொடங்கினேன், திரும்பவும் அதே இடத்தில் குரல் அடைத்துக்கொண்டது. எழுத்தெல்லாம் தண்ணீருக்குள் கிடந்த மாதிரி அசைந்தது.

“என்ன, இல்லையோ?” என்றார் ரீச்சர். குரல் செத்துப்போயிருந்தது.

நான் தலையை ஆட்டினேன். ஆம் என்று ஆட்டினேனா, இல்லை என்று ஆட்டினேனா என்று எனக்கே தெரியாது. அதிபர் எட்டிப் பார்த்து, மிச்சத்தை அவரே வாசித்தார். நியமனம். விஞ்ஞானம். பாடசாலை என்ற இடத்தில் எங்கள் பாடசாலையின் பெயர். விருப்பப் பாடசாலைகள் மூன்றைக் கேட்ட விண்ணப்பத்தில், ரீச்சர் மூன்று இடத்திலும் இந்த ஒன்றையே எழுதியிருந்தாராம். இதைக் கேட்டுப் போட்டியிட வேறு ஒருவரும் இல்லை.

அறை முழுக்க ஒரே ஆரவாரம். யாரோ சீனி டப்பாவைத் திறந்து எல்லோர் வாயிலும் சீனி போட்டார்கள். பிறகு மூன்றாம் பாடத்துக்கு மணி அடித்தது. ரீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெண்கட்டிப் பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். நான் கடிதத்தை நீட்டினேன்.

“வகுப்பு முடிஞ்சு வந்து வாங்குறன்,” என்றார். “அதுமட்டும் வைச்சிருங்கோ. அழுது நனைச்சுப்போடாதையுங்கோ அண்ணை, எனக்கு அது ஒண்டுதான் இருக்கு.”